64 ரப்பர் சதுரங்களில் தோடி வாசிக்க முடியுமா? 'எக்ஸ்பிரஸிவ் பேட்' எப்படி வேலை செய்கிறது?

1940-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆல் இந்தியா ரேடியோ ஒரு வாத்தியத்துக்குத் தடை போட்டது. அந்த வாத்தியம் ஹார்மோனியம். நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் வீட்டுக் கூடத்திலும் அன்றாடம் ஒலித்துக்கொண்டிருந்த பெட்டி, வானொலி நிலையத்துக்குள் மட்டும் வரக்கூடாது என்றார்கள். 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அப்போதும் முழுசாக இல்லை.

தடைக்குப் பின்னால் அரசியலும் இருந்தது, 'அந்நிய வாத்தியம்' என்ற வெறுப்பும் இருந்தது. அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், இசைக் காரணம் ரொம்ப எளிமையானது. ஹார்மோனியத்தில் ஒரு ஆக்டேவுக்கு 12 கட்டைகள். ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்வரம். அடுத்த கட்டையை அழுத்தினால் அடுத்த ஸ்வரம். இரண்டுக்கும் நடுவில் எதுவுமே கிடையாது. நம் இசையோ பெரும்பாலும் அந்த நடுவில்தான் குடியிருக்கிறது. கர்நாடக இசையில் கமகம், இந்துஸ்தானியில் மீண்ட் என்று சொல்வதெல்லாம் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியைத்தான்.

ஹார்மோனியத்துக்கு வந்த அதே சிக்கல், லேப்டாப்பில் இசை அமைக்கும் இன்றைய தலைமுறைக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. நீங்கள் வாங்கும் மிடி கீபோர்டும் ஹார்மோனியத்தின் பேரப்பிள்ளைதான். அதற்கு ஒரு மாற்றாகத்தான் 'எக்ஸ்பிரஸிவ் பேட் கன்ட்ரோலர்' என்ற பெயரில் சில கருவிகள் விற்கப்படுகின்றன. விலை கொஞ்சநஞ்சம் இல்லை. இஎம்ஐ போட்டு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், முதலில் அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பேட் என்றால்?

கிரிக்கெட் பேட் இல்லை. விரல் நுனி வைக்கும் அளவுக்கு இருக்கும் ரப்பர் அல்லது சிலிக்கான் சதுரம். தட்டினால் ஒலி வரும். துல்லியமாகச் சொன்னால் பேடிலிருந்து ஒலி வருவதில்லை. 'இந்த நோட்டை இவ்வளவு வேகமாகத் தட்டினார்கள்' என்ற தகவல்தான் கணினிக்குப் போகிறது. ஒலியை உண்டாக்குவது கணினியில் இருக்கும் சிந்தசைசர் மென்பொருள்.

இந்தச் சதுரங்களை உலகப் பிரபலமாக்கியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ரோஜர் லின். ஜப்பானின் அகாய் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய எம்பிசி60 என்ற கருவி 1988-ல் வந்தது. நாலுக்கு நாலு என்று 16 பேட்கள். ஹிப்-ஹாப் இசையின் உடம்பே அதில்தான் உருவானது என்று சொல்லலாம். தயாரிப்பாளர் ஜே டில்லா பயன்படுத்திய எம்பிசி3000 இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த 16 பேட்களும் முதன்மையாகத் தாளத்துக்கானவை. டிரம்மைத் தட்டுகிறோம், ஒலி கேட்கிறது, முடிந்தது. தட்டிய பிறகு விரல் என்ன செய்கிறது என்பது அங்கே பெரிய கேள்வியாக இல்லை. எக்ஸ்பிரஸிவ் பேட் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. தட்டிய பிறகு விரலை அழுத்துகிறீர்களா? இடது வலதாக அசைக்கிறீர்களா? மேலும் கீழும் நகர்த்துகிறீர்களா? இந்த மூன்றையும் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக அளந்து அனுப்புகிறது.

கேட்க எளிமையாக இருக்கிறதே, இதை ஏன் 40 வருஷமாகச் செய்யவில்லை?

சென்சார் இல்லாததால் அல்ல. அழுத்தத்தை உணரும் கீபோர்டுகள் ரொம்பப் பழையவை. யமஹா 1977-ல் வெளியிட்ட சிஎஸ்-80 சிந்தசைசரில் ஒவ்வொரு கட்டையும் அழுத்தத்தைத் தனித்தனியாக உணர்ந்தது. 'பிளேடு ரன்னர்' படத்தில் வாஞ்ஜெலிஸ் வாசித்தது அதைத்தான். பிரச்னை, கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழியில் இருந்தது.

அந்த மொழியின் பெயர் மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு போட்டி நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரு கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும்தான் இதன் பின்னணியில் இருந்த முக்கியமானவர்கள். இருவருக்கும் 2013-ல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. நியாயமான விருது. 40 வருஷத்துக்கு முந்தைய ஒரு டேட்டா ஃபார்மட் இன்னும் உலகம் முழுக்க மாற்றமில்லாமல் ஓடுகிறது என்றால் சும்மாவா?

ஆனால் ஒவ்வொரு டேட்டா ஃபார்மட்டும் ஒரு கருத்துதான். எதை ஒரு தனி 'வரிசை'யாக எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். எக்ஸெல் ஷீட்டில் எந்தக் காலம் இல்லையோ அந்தத் தகவல் உலகத்திலேயே இல்லாத மாதிரி ஆகிவிடும் அல்லவா, அதே கதைதான்.

மிடியில் ஒரு நோட் என்பது மூன்றே மூன்று பைட். எந்த சேனல், எந்த நோட் (பியானோவின் நடு சி என்றால் 60), எவ்வளவு வேகத்தில் அழுத்தினார்கள் (0 முதல் 127 வரை). விரலை எடுக்கும்போது இன்னொரு மூன்று பைட். அவ்வளவுதான். இந்த வடிவம் பியானோவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பியானோவில் கட்டையை அழுத்திய பிறகு அந்த ஒலியை நீங்கள் வளைக்க முடியாது.

வளைக்க வேண்டுமென்றால் 'பிட்ச் பெண்ட்' என்று ஒரு தனிச் செய்தி உண்டு. கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் சக்கரம் அதற்குத்தான். ஒரே ஒரு சிக்கல்: அது நோட்டுக்குப் போவதில்லை, சேனலுக்குப் போகிறது. ஒரே சேனலில் மூன்று நோட்களைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால் மூன்றும் சேர்ந்து வளையும். ஸவும் பவும் அசையாமல் நிற்க, காந்தாரம் மட்டும் அசைய வேண்டும் என்றால் முடியாது.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே சாதித்தவர்கள் இருக்கிறார்கள். 'கீபோர்ட்' சத்யா என்று அறியப்படும் கே. சத்யநாராயணன் கச்சேரிகளில் வலது கையால் ஸ்வரங்களையும் இடது கையால் பிட்ச் பெண்டையும் கையாண்டு கமகம் வாசிப்பவர். ஆனால் யோசித்துப் பாருங்கள். வீணையில் ஒரே விரல் கம்பியை அழுத்தவும் செய்கிறது, இழுக்கவும் செய்கிறது. இங்கே அந்த ஒரு வேலை இரண்டு கைகளுக்குப் பிரிந்து போகிறது. ஒரு கை தொடங்குவதை இன்னொரு கை முடிக்க வேண்டும்.

விரலுக்கு ஒரு சேனல்

இதற்குக் கிடைத்த தீர்வைத் தீர்வு என்பதைவிட ஜுகாத் என்று சொல்வதுதான் பொருத்தம்.

மிடியில் மொத்தம் 16 சேனல்கள். ஆரம்பத்தில் அவை 16 வெவ்வேறு வாத்தியங்களுக்காக வைக்கப்பட்டவை. பிட்ச் பெண்ட் சேனல் முழுவதையும் வளைக்கிறது என்றால், ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சேனலைக் கொடுத்துவிட்டால் போச்சு! ஒரு சேனலில் ஒரே நோட்தான் இருக்கும், எனவே சேனலை வளைத்தால் அந்த நோட் மட்டும் வளையும். ஒரு சேனலைப் பொதுவான கட்டளைகளுக்கு ஒதுக்கினால் மீதி 15. அதாவது ஒரே நேரத்தில் 15 நோட்கள். நமக்கு விரல் பத்துதானே, தாராளம்.

பல சிறிய நிறுவனங்கள் ஏற்கெனவே தனித்தனியாகச் செய்துவந்த இந்த வித்தையைத்தான் 2018 ஜனவரியில் மிடி உற்பத்தியாளர் சங்கம் எம்பிஇ என்ற பெயரில் பொது விதியாக்கியது. 'மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்' என்பதன் சுருக்கம். புதிய கேபிளோ புதிய மொழியோ தேவைப்படவில்லை. பழைய மொழியையே வேறு மாதிரி பேசுகிறார்கள்.

ஒரு எம்பிஇ நோட் தன்னோடு கொண்டுவருவது இவை: தட்டிய வேகம், இடது-வலது அசைவு (பெரும்பாலும் சுருதி வளைவு), மேல்-கீழ் நகர்வு (பெரும்பாலும் ஒலியின் கூர்மை அல்லது நிறம்), அழுத்தம் (பெரும்பாலும் சத்தம்), விரலை எடுத்த வேகம். 'பெரும்பாலும்' என்று மூன்று முறை எழுதியது சோம்பேறித்தனத்தால் அல்ல. எந்த அசைவு எதை மாற்ற வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

இதில் எவ்வளவு டேட்டா போகிறது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாதாரண நோட் ஒன்று, தொடக்கமும் முடிவும் சேர்த்து 6 பைட். அதே நோட்டை எம்பிஇ-யில் ஒரு விநாடி பிடித்து அசைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி உங்கள் விரலை விநாடிக்கு 200 முறை அளந்து அனுப்புவதாக வைத்தால், சுருதிக்கு 3 பைட், மேல்-கீழுக்கு 3 பைட், அழுத்தத்துக்கு 2 பைட். மொத்தம் 8. அதை 200-ஆல் பெருக்கினால் 1,600 பைட். 6 எங்கே, 1,600 எங்கே? ஒரே ஸ்வரம்தான், ஆனால் தகவல் 250 மடங்குக்கு மேல்.

1983-ன் மிடி கேபிள் விநாடிக்கு 31,250 பிட், அதாவது 3,125 பைட் கடத்தும். மேலே சொன்ன கணக்கில் இரண்டு விரல்களை ஒன்றாக அசைத்தாலே கேபிள் நிரம்பி வழியும். யுஎஸ்பி வந்த பிறகுதான் இந்த யோசனை நடைமுறைக்குச் சரிப்பட்டது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்சார் பக்கம் சுருக்கமாக: இந்த வகைக் கருவிகள் பலவற்றில் ரப்பருக்குக் கீழே அழுத்தத்தைப் பொறுத்து மின்தடை மாறும் ஒரு மெல்லிய படலம் இருக்கும். அழுத்த அழுத்த தடை குறையும். எந்த இடத்தில் குறைகிறது என்று தெரிந்தால் விரல் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

யார் யார் இந்த வேலையைச் செய்தார்கள்?

தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த பெயரிலிருந்தே தொடங்கலாம். 2009-ல் வந்த 'டெல்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலில் ஏ.ஆர். ரஹ்மான் 'கன்டினுவம்' என்ற கருவியை வாசித்திருக்கிறார். அதில் கட்டையும் இல்லை, சதுரமும் இல்லை. நியோப்ரீன் துணி போர்த்திய நீளமான ஒரு பலகை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிப்போல்ட் ஹேக்கன் உருவாக்கியது. பிடிமானம் எதுவும் இல்லாததால் வயலின் மாதிரி காதை நம்பித்தான் வாசிக்க வேண்டும்.

லண்டனில் ரோலி நிறுவனம் 'சீபோர்ட்' என்று ஒன்றை உருவாக்கியது. பியானோ கட்டைகள் மெழுகு போல உருகி ஒன்றாகிவிட்ட மாதிரி இருக்கும். 2015-ல் வந்த 'ரைஸ்' மாடல்தான் இந்த வகைக் கருவியைப் பரவலாகக் கொண்டுபோனது. 2021-ல் அந்த நிறுவனம் கடனில் சிக்கி நிர்வாகம் கைமாறியது. நல்ல யோசனையும் நல்ல வியாபாரமும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை.

ரோஜர் லின் இந்தக் கதையில் மறுபடியும் வருகிறார். தட்டும் பேட்களைப் பிரபலமாக்கிய அதே மனிதர், மின்னணுக் கீபோர்டுகள் வெறும் ஆன்-ஆஃப் சுவிட்சுகள் என்று குறைசொல்லி, 2014-ல் 'லின்ஸ்ட்ருமென்ட்' என்ற கருவியைக் கொண்டுவந்தார். 8 வரிசை, வரிசைக்கு 25 என்று 200 நோட் சதுரங்கள். சதுரங்களுக்கு நடுவே தடுப்பு இல்லாததால் ஒரு வரிசையில் இடது கோடியில் வைத்த விரலை எடுக்காமல் வலது கோடி வரை இழுத்தால் இரண்டு ஆக்டேவ் தூரம் வழுக்கிக்கொண்டு போகலாம்.

இன்று கடைகளில் அதிகம் பேசப்படுவது ஏபிள்டனின் 'புஷ் 3'. 2023 மே மாதம் வந்தது. எட்டுக்கு எட்டு, 64 பேட்கள். முந்தைய இரண்டு புஷ் மாடல்களிலும் இல்லாத எம்பிஇ இதில் இருக்கிறது. கணினியோடு இணைத்து வாசிக்கும் மாடலின் அறிமுக விலை 999 டாலர். கணினியே இல்லாமல் இயங்கும் மாடல் 1,999 டாலர். அன்றைய மதிப்பில் மலிவான மாடலே 80,000 ரூபாயைத் தாண்டும். அதற்கு மேல் இறக்குமதிச் செலவும் வரியும்.

அப்படியென்றால் இந்திய இசைக்கு இது கட்டாயமா? சரண்ஜித் சிங்கைக் கேளுங்கள்

பாலிவுட் பாடல்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-ல் மும்பையில் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். பத்து ராகங்கள், டிஸ்கோ தாளத்தில். கையில் இருந்தவை ரோலண்டின் மூன்று கருவிகள்: ஜுப்பிட்டர்-8, டிஆர்-808, டிபி-303. ஆல்பம் அப்போது விலைபோகவில்லை. 2010-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு ரெக்கார்டு சேகரிப்பாளர் மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் திடுக்கிட்டது. 1987-ல் சிகாகோவிலிருந்து வந்த 'ஆசிட் ஹவுஸ்' இசையின் ஒலி, அதற்கு ஐந்து வருஷம் முன்பே மும்பையில் பதிவாகியிருக்கிறதே என்று!

அப்போது எம்பிஇ இல்லை, மிடியே இல்லை. டிபி-303-ல் ஒரே நேரத்தில் ஒரு நோட்தான் ஒலிக்கும், ஆனால் ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப்போக 'ஸ்லைடு' வசதி இருந்தது. ராகத்தின் சாயலைக் காட்ட அவருக்கு அந்த வழுக்கல் போதுமானதாக இருந்தது.

இங்கே விற்பனையாளர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. நம் செவ்வியல் இசை ஒற்றை மெலடி. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம். ஒரு நோட் மட்டும் ஒலிக்கும் இடத்தில் சேனலை வளைத்தால் என்ன, நோட்டை வளைத்தால் என்ன? தம்புரா சுருதியை வேறு டிராக்கில் போட்டுவிட்டு, பழைய மிடியிலேயே கமகம் வாசிக்கலாம். ஆக, 'எம்பிஇ இல்லாமல் இந்திய இசை முடியாது' என்று யாராவது யூடியூபில் சொன்னால் நம்ப வேண்டாம்.

உண்மையான பலன் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, நோட்டைத் தொடும் விரலே அதை வளைக்கவும் செய்கிறது. இன்னொரு கை விடுதலையாகிறது. இரண்டு, கார்ட் வாசித்துக்கொண்டே அதற்குள் ஒரு ஸ்வரத்தை மட்டும் அசைக்கலாம். சினிமா பின்னணி இசையோ, இண்டி பாடலோ செய்பவர்களுக்கு இந்த இரண்டாவது முக்கியம். மேற்கத்திய ஹார்மனியும் நம் அசைவும் ஒரே கையில் சேரும் இடம் அது.

தாளக்காரர்களுக்கு இன்னும் பெரிய லாபம்

பேட் என்றாலே தாளம் என்று தொடங்கினோம் இல்லையா, அங்கேயே திரும்பிப் போவோம். தபலாவின் இடது பக்க பாயாவை நினைத்துப் பாருங்கள். தட்டிய பிறகு மணிக்கட்டுப் பகுதியால் தோலை அழுத்தி இழுக்கும்போது 'கும்ம்' என்று ஒலி மேலே ஏறும். மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி கொடுப்பதும் அதே குடும்பம். அந்த ஒலியின் உயிரே தட்டியதற்குப் பிந்தைய அரை விநாடியில்தான் இருக்கிறது.

தட்டிய வேகத்தை மட்டும் பார்க்கும் பேடில் இதைச் செய்ய, ஏறும் கும்கி, இறங்கும் கும்கி, பாதி ஏறிய கும்கி என்று தனித்தனி சாம்பிள்கள் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கேட்பவருக்கு ஐந்தாவது நிமிஷத்தில் தெரிந்துவிடும், இது திரும்பத் திரும்ப வருகிறதே என்று. எக்ஸ்பிரஸிவ் பேடில் ஒரே ஒரு சாம்பிளை வைத்து, அழுத்தத்தைச் சுருதியோடு இணைத்தால் போதும். ஒவ்வொரு அடியும் உங்கள் கை போகிற போக்கில் வேறு மாதிரி ஏறும். என்னைக் கேட்டால், 64 சதுரங்களில் ராகம் தேடுவதற்கு முன் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதைத்தான். பத்து நிமிஷ வேலை.

'பைரவ்' என்ற மெனுவும் ஒரு பொறியும்

புஷ் கருவியில் ஸ்கேல் மெனு உண்டு. மேஜர், மைனர் என்று போகும் பட்டியலில் 'பைரவ்' என்றும் ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஸ்வரங்கள் மட்டும் பேட்களில் வரும், தப்பான நோட் அடிக்கவே முடியாது. தமிழ்நாட்டில் பாட்டு வகுப்புக்குப் போனவர்கள் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள்: சரளி வரிசையின் மாயாமாளவகௌளையின் அதே ஏழு ஸ்வரங்கள்.

ஆனால் ஸ்வர வரிசை வேறு, ராகம் வேறு. பைரவ் இந்துஸ்தானியில் ரிஷபத்தை மெதுவாக ஆட்டும். அந்த ஆட்டம் மெனுவில் இல்லை. தோடி இன்னும் கடினமான கேஸ். அதன் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது. பியானோவில் அதற்குரிய கட்டையை அழுத்தினால் ஸ்வரஸ்தானம் சரி, ராகம் தோடி இல்லை. எக்ஸ்பிரஸிவ் பேடில் விரலை ஆட்டி அதை வரவைக்க முடியும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எங்கே கொஞ்சம் நிற்பது என்பது மட்டும் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

பதிவு செய்த பிறகு நடப்பது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. மென்பொருளில் அந்த நோட்டைத் திறந்தால் கமகம் ஒரு கிராஃபாகத் தெரியும். சுருதி மேலும் கீழும் போன கோடு, அதன் கீழே அழுத்தக் கோடு. தப்பாகப் போன ஒரு வளைவை மவுஸால் பிடித்துத் திருத்தலாம். குருவிடம் கேட்டுக் கேட்டுக் கற்றதை இப்போது கண்ணாலும் பார்க்கலாம்.

இங்கேதான் பொறி இருக்கிறது. கிராஃபாக ஆனதும் காப்பி-பேஸ்ட் செய்யக் கை அரிக்கும். பாட்டின் வேகத்தை 80-லிருந்து 120 ஆக்கினால் மென்பொருள் அந்த வளைவையும் அதே விகிதத்தில் சுருக்கிவிடும். அசைவு ஒன்றரை மடங்கு வேகமாகிவிடும். பாடகர் அப்படிச் செய்யமாட்டார். இரண்டாம் காலத்தில் பாடும்போது கமகத்தை இரட்டை வேகத்தில் ஆட்டுவதில்லை. பல இடங்களில் அசைவையே குறைத்துக்கொள்வார். வேகம் மாற்றினால் மறுபடி வாசியுங்கள், இழுத்துச் சுருக்காதீர்கள்.

வாங்கியவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம்

பேட் வந்தாச்சு, இணைச்சாச்சு, விரலை இழுத்தால் சுருதி லேசாகத்தான் நகர்கிறது. அல்லது சும்மா தொட்டாலே எங்கேயோ ஓடுகிறது. கருவி பழுது என்று நினைத்துவிடுவார்கள். பெரும்பாலும் காரணம் ஒரே ஒரு எண்.

எம்பிஇ-யில் பிட்ச் பெண்டின் வழக்கமான எல்லை மேலே 48, கீழே 48 செமிடோன். பழைய சிந்த்களில் வழக்கமான எல்லை மேலே 2, கீழே 2. பேட் 48 என்று நினைத்து அனுப்புகிறது, சிந்த் 2 என்று நினைத்து வாங்கிக்கொள்கிறது என்றால் என்ன ஆகும்? நீங்கள் ஒரு முழு ஆக்டேவ், அதாவது 12 செமிடோன் இழுத்தால் சிந்த் அரை செமிடோன்தான் நகரும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வையுங்கள், சரியாகிவிடும்.

48 என்ற பெரிய எல்லையில் துல்லியம் போய்விடாதா என்று சந்தேகம் வரலாம். பிட்ச் பெண்டுக்கு மட்டும் மிடியில் 16,384 படிகள் உண்டு. மொத்தம் 96 செமிடோனை, அதாவது 9,600 சென்ட்டை அந்தப் படிகளால் வகுத்தால் ஒரு படி சுமார் 0.6 சென்ட். காது அதைப் பிரித்துக் கேட்காது. அழுத்தத்துக்கும் மேல்-கீழ் நகர்வுக்கும் மட்டும் வெறும் 128 படிகள்தான். இதையெல்லாம் விரிவாக்கி, நோட்டுக்குள்ளேயே தனிக் கட்டுப்பாடு தரும் மிடி 2.0 விதி 2020 ஜனவரியில் வந்தது. கருவிகளும் மென்பொருளும் அதற்கு மெதுவாகத்தான் நகர்கின்றன.

இன்னொன்று, மறுமுனையில் இருக்கும் ஒலியும் எம்பிஇ புரிந்துகொள்வதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் லட்ச ரூபாய்க் கருவியும் சாதாரண கீபோர்டு மாதிரிதான். ஏபிள்டன் லைவ் 2021-ல் வந்த 11-ம் பதிப்பிலிருந்து எம்பிஇ-யை ஏற்கிறது. லாஜிக், பிட்விக், கியூபேஸ் ஆகியவையும் ஏற்கின்றன. ஆனால் உங்களிடம் இருக்கும் வீணை, புல்லாங்குழல் சாம்பிள் தொகுப்புகள் ஏற்குமா என்பதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். கமகத்தோடு சேர்த்துப் பதிவுசெய்யப்பட்ட சாம்பிளை மேலும் வளைத்தால் கமகத்துக்கு மேல் கமகம் ஏறி, கேட்கச் சகிக்காது.

காசு போடுவதற்கு முன்

சர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசர் இலவசம், ஓப்பன் சோர்ஸ், எம்பிஇ-யை ஏற்கும். வைட்டல் சிந்தின் இலவசப் பதிப்பும் அப்படியே. கருவி வாங்காமலே, லைவ் மாதிரியான மென்பொருளில் ஒரு நோட்டுக்கு மவுஸால் சுருதி வளைவு வரைந்து கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் ஐபேட் இருந்தால் இன்னும் நல்லது. ஜியோஷ்ரெட் என்ற ஆப்பின் திரையே ஒரு எம்பிஇ பலகைதான். அதில் கர்நாடக இசை வாசித்து இணையத்தில் பெயர் பெற்றவர் மகேஷ் ராகவன். கண்ணாடித் திரையில் அழுத்தம் தெரியாது, விரலுக்குப் பிடிப்பு இருக்காது; ஆனால் வழுக்கும் அசைவு உங்கள் கைக்கு வருகிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும். ஒரு மாதம் வாசித்த பிறகும் விரல் தானாக அந்தப் பக்கம் போகவில்லை என்றால், அந்த 80,000 ரூபாய்க்கு நல்ல ஹெட்ஃபோனும் வாய்ப்பாட்டு வகுப்பும் கூடுதல் பலன் தரும் என்பது என் அபிப்ராயம்.

போய்ப் பார்த்துத்தான் வாங்குவது என்று முடிவெடுத்தால், கடையில் இரண்டே நிமிஷத்தில் ஒரு சோதனை செய்யலாம். இடது கை விரலால் ஒரு பேடை அழுத்தி ஸவை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கை விரலால் இன்னொரு பேடில் காந்தாரத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். ஸவும் சேர்ந்து ஆடினால் எம்பிஇ ஆன் ஆகவில்லை, செட்டிங்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். காந்தாரம் மட்டும் ஆடினால் விரலை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள், சத்தம் படிப்படியாகத் தாவுகிறதா, வழவழவென்று ஏறுகிறதா என்று. பிறகு ரொம்ப மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மெல்லிய தட்டலை விட்டுவிடும் பேடில் சரிகமபதநி கூட ஒழுங்காக வராது.